இரண்டாம் மண்டலம்

நான் கொஞ்சம் பெருமைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு வரும்போது பாதியில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிசியோதெரபி என்றால் கைகால் பிடித்துவிடுகிற வேலை என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். டாக்டர்கள் வார்டைச் சுற்றி வரும்போது என்னையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கிற அளவுக்கு அந்த நினைப்பை மாற்றிவிட்டு ஓய்வு பெற்றேன். பெருமைப்படாமல் என்ன செய்ய?

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளான உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் கால் போனவர்கள் என்று எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் ஒரே ஒரு ஆள்தான் நினைவில் வந்து நின்றார். பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை ஏலம் விடுகிற தங்கப்பன்.

இப்போது உங்கள் நோயாளிகள் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இதயம் எந்த வேகத்தில் ஓடுகிறது, இன்னும் வேகமாக நடக்கலாமா, நிறுத்தலாமா என்று அதுவே நிறம் மாறிச் சொல்கிறது. நீங்களும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறீர்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நானும் போயிருப்பேன். தொண்ணூறுகளில் எங்களிடம் இருந்தது இரண்டு விரலும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு ரப்பர்ச் சரிவின் அடியில் இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் வலியைத் தமிழில் சொல்லுவார்கள், சண்டை போடும்போது மலையாளத்துக்கு மாறுவார்கள். எனக்கு இரண்டிலும் பதில் சொல்லத் தெரியும். காலை நீட்டு, கையைத் தூக்கு என்று பள்ளிக்கூட டிரில் மாதிரி செய்யச் சொல்வதால் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். டாக்டர் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

இதயப் பிரிவில் இருந்த பெரிய டாக்டர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு ஆஸ்பத்திரியைத் தலைகீழாக்கினார். மாரடைப்பு வந்தவர்களை மாதக்கணக்கில் படுக்கப்போடுவது தப்பு, அவர்கள் நடக்க வேண்டும், ஆனால் இதயத்துடிப்பின் கணக்குப்படி நடக்க வேண்டும் என்றார். சும்மா இருக்கும்போது உள்ள துடிப்பிலிருந்து, மூச்சுமுட்ட ஓடும்போது உள்ள துடிப்பு வரைக்கும் ஐந்து பகுதியாகப் பிரித்துக்கொள்வது. முதல் பகுதி உலாத்தல். இரண்டாவது, வியர்வை அரும்புகிற சுகமான நடை. மூன்றுக்கு மேல் ஆரோக்கியமானவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும். நம்முடைய நோயாளிகள் இரண்டாவதில் நிற்க வேண்டும். உங்களுக்கு இது பாலபாடம், எங்களுக்கு அன்றைக்குப் புத்தம் புதுசு.

பெரிய டாக்டர் எதையும் உடனே பலகையில் எழுதிப் போடுகிறவர். என் பிரிவின் சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை மாட்டினார்கள். அதில் அந்த ஐந்து பகுதிகளும் தமிழிலும் மலையாளத்திலும் மண்டலம் ஆகியிருந்தன. முதலாம் மண்டலம், இரண்டாம் மண்டலம் என்று ஐந்து வரைக்கும். அகராதியைப் புரட்டினால் அது சரியான சொல்தான். எங்கள் ஊரில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தங்கப்பன் வந்தது ஓணச் சமயம். நேந்திரன் குலைகள் மலைபோல் குவிந்து கிடக்க, அவர் நடுவில் நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய குரலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குலையின் எடை, காயின் விளைச்சல், விளைய வைத்தவனின் கைராசி, வாங்க வந்தவனின் குடும்பப் பெருமை, இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஒரு தரம் என்பார். அன்றைக்கு ஒரு தரம் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார், மூன்றாவது தரம் வாயில் வரவில்லை. குலைகளின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய, வயிறு முன்தள்ளிய, எதையும் தலையாட்டிக் கேட்கிற மனிதர். கூட அவர் மனைவி சரோஜம் அக்கா. நாடி பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். பலகையைக் காட்டி, தினமும் நடங்கள், இரண்டாம் மண்டலத்தில் இருங்கள், மூன்றாம் மண்டலம் உங்களுக்கு வேண்டாம் என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு பலகையைப் பார்த்தார். அப்படியே செய்கிறேன் டீச்சரே என்றார்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க வந்தபோது எட்டிப் பார்த்தார். எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒண்ணாம் மண்டலம் முடியப்போவுது என்றார். பயந்த மனிதர், உலாத்திக்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்து, தைரியமாக இரண்டாவதற்குப் போங்கள் என்றேன். அதற்கடுத்த தடவை, இப்பம் ரெண்டாம் மண்டலம் நடக்குது என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய டாக்டரிடம் போய், சொன்னபடி செய்கிற நோயாளி என்றால் தங்கப்பன்தான் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

கார்த்திகை மாதம் பிறந்தது. அதை அங்கே விருச்சிகம் என்பார்கள். ஒன்றாம் தேதி காலையில் தங்கப்பன் கறுப்பு முண்டும் கழுத்தில் துளசி மாலையுமாக என் முன்னால் வந்து நின்றார். நெற்றியில் சந்தனம். முகத்தில் பரீட்சை எழுதி முடித்தவரின் தெளிச்சம்.

“டீச்சரே, ரெண்டு மண்டலமும் முடிஞ்சு. ஒரு நாளும் முடங்கல்ல. மூணாவது வேண்டாம்னு நீங்கதான சொன்னிய. இனி மலைக்குப் போலாமில்லியா?”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அது வெளியே வருவதற்குள் விஷயம் முழுசாகப் புரிந்து, நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் மண்டலம் என்றால் நாற்பத்தொரு நாள். வைத்தியர் கஷாயம் கொடுத்தால் ஒரு மண்டலம் குடிக்கச் சொல்லுவார். ஐயப்ப சாமிமார் மாலை போட்டுக்கொண்டு விரதம் இருப்பது ஒரு மண்டலம். அந்த மனிதர் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்துக் கேட்டிருக்கிறார். இரண்டு மண்டலக் காலம் ஒழுங்காக நடக்க வேண்டும், அதோடு சிகிச்சை முடிந்தது, மூன்றாவது தேவையில்லை. எப்படி நடந்தீர்கள் என்று விசாரித்தால், பெருங்கடவிளையிலிருந்து மேட்டிலும் பள்ளத்திலும் இளவட்டங்களோடு போட்டி போட்டு நடந்திருக்கிறார். நாடியைத் தொட்டே பார்க்கவில்லை. அது டீச்சருக்கு உள்ள வேலை என்று நினைத்திருக்கிறார்.

பிள்ளைகளே, அன்றிலிருந்து நான் எந்த நோயாளியிடமும் புரிந்ததா என்று கேட்டதில்லை. புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். நான் என்ன சொன்னேன், ஒருதடவை சொல்லுங்கள் என்று கேட்பேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள். சில சமயம் தலைசுற்றும், ஆனால் தெரிந்துகொள்வீர்கள்.

பலகை அன்றைக்கே கீழே இறங்கியது. மண்டலத்துக்குப் பதிலாக என்ன போடலாம் என்று யோசித்தோம். முதல் படி, இரண்டாம் படி என்று எழுதலாம் என்றார் அலுவலகத்தில் ஒருவர். சபரிமலையில் பதினெட்டாம்படி இருக்கிறது ஐயா, அடுத்த ஆள் பதினெட்டு வரைக்கும் போகலாம் என்று நினைத்துக்கொள்வார் என்றேன். கடைசியில் சொல்லே வேண்டாம் என்று நாடிக் கணக்குக்குப் பக்கத்தில் வெறும் நிறம் அடித்தோம், இரண்டாவதற்குப் பச்சை.

பலகையைத் திருத்துவது சுலபம். மாலை போட்டுவிட்ட மனிதரை என்ன செய்வது?

பெரிய டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மலையேற்றத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்றார். நீலிமலை ஏற்றத்தில் ஆரோக்கியமானவர்களே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள், இவருடைய இதயத்தில் ஒரு பகுதி செத்துக் கிடக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தங்கப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மெதுவாக ஒன்றைச் சொன்னார்.

“சாவக் கெடந்தப்பம் நேர்ந்தது டாக்டரே. உயிரு தந்தா நடந்து வந்து கும்பிடுவேன்னு. உயிரு கிட்டிச்சு. இனி வரமாட்டேன்னு பறையதுக்குப் பற்றுமா?”

நேர்ந்தது என்றால் வேண்டிக்கொண்டது, பறைவது என்றால் சொல்வது. அவர்கள் நேர்ச்சை என்பதை எங்கள் சபையில் பொருத்தனை என்போம். சொல் வேறானாலும் அது மனிதனை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வராந்தாவில் சரோஜம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க ஒரு வாக்கு போவாண்டாம்னு சொல்லுங்க டீச்சரே. டாக்டரு சொன்னா தலையாட்டுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். எந்தப் புத்தகமும் அப்போது உதவாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் கை சுத்தம். டாக்டரும் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன், அதற்குமேல் அவர் பாடு என்று வீட்டுக்குப் போகலாம். ஆனால் டாக்டர் அறையில் அவர் தலையாட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தத் தலையாட்டலைத்தான் இரண்டு மாதமாக நம்பி ஏமாந்திருந்தேன். அதனால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகவே கேட்டேன்.

“அண்ணே, நாங்க எல்லாரும் போவாண்டாம்னு சொன்னா, போவாம இருப்பியளா?”

அவர் தரையைப் பார்த்தார். கழுத்து மாலையை விரலால் உருட்டினார்.

“உங்ககிட்ட கள்ளம் பறையமாட்டேன். மகளுக்க வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போவேன்.”

எனக்கு அது போதும். வேண்டாம் என்று நான் சொல்லுகிற வார்த்தை அவரை நிறுத்தாது, என்னிடமிருந்து மறைக்க மட்டும்தான் வைக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல், மாத்திரையைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் அந்த மலையில் ஏறுவார். சரோஜம் அக்காவிடம் போய், நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. காரணத்தைச் சொன்னேன். கேட்டார், ஆனால் என் கையை விட்டுவிட்டார்.

பெரிய டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் பொறுப்பில் நடக்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன், பொறுப்பு என்னுடையது, நீ அவனுக்கு ஏறச் சொல்லிக்கொடுக்காதே, நிற்கச் சொல்லிக்கொடு என்றார். திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, ஓடும் பட்டையில் நடக்க வைத்துச் சோதனையும் செய்து பார்த்தார். சமதரையில் கவலையில்லை, ஏற்றம் ஆகாது என்று வந்தது. மாலை போட்ட நாளிலிருந்து ஒரு மண்டலம் விரதம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கிடைத்த அவகாசம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ரப்பர்ச் சரிவில் அவரை நடக்கவிட்டேன். ஒரு பக்கம் நான், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. நிறுத்தி நிறுத்தி நாடி பார்த்தேன். அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று இதயத்துடிப்பை ஏறவிடாமல் அடக்கிவைக்கும். அது தெரிந்து நான் கணக்கையும் குறைத்துத்தான் வைத்திருந்தேன். ஏற ஏற நாடி பச்சைக்குள்ளேயே நின்றது. பிரமாதம் என்று எனக்கே முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் பேசாமல் நடக்கிற ஆள் இல்லை. போன வருடம் ஒரு கறிக்காய்க் குலையை நேந்திரன் விலைக்கு விற்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சரிவின் நடுவில் கதை தடுக்கியது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொன்னார், அடுத்ததை மூன்றாக. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. என் விரலுக்குக் கீழே நாடியும் சாதுவாக இருந்தது. ஆனால் ஒரே மூச்சில் குலையின் வரலாறு சொல்லுகிற மனிதர் ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்குகிறார் என்றால் எதை நம்புவது?

நிற்கச் சொன்னேன். மூச்சு அடங்கியதும் ஏலம் விடுங்கள் அண்ணே என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். இல்லாத குலையை நீட்டிப் பிடித்து ஏலம் விட்டார். சுத்தமாக வந்தது. ஏறிக்கொண்டே விடுங்கள் என்றேன். சரிவின் அதே இடத்தில் முறிந்தது. இன்னொரு முறையும் அங்கேயே முறிந்தது. நாடி மட்டும் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. பலகையில் போட்டிருந்த எண்களை இந்த மனிதருக்கு நான் அங்கேயே கைவிட்டேன். மாத்திரை இதயத்தின் வாயைக் கட்டிவைத்திருந்தது; தொண்டையைக் கட்ட அதற்கு முடியவில்லை.

மலைப்பாதையில் நின்று வாழைக்குலை ஏலம் விட முடியுமா என்று அவர்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. சாமிமார் மலையேறும்போது சரணம் விளிப்பார்கள். ஒருவர் சாமியின் பெயரை நீட்டிக் கூப்பிட, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லுவார்கள். அவர்கள் கூட்டத்தில் முன்னால் விளிக்கிறவர் வேறு யார்? தங்கப்பன்தான்.

அதன்பிறகு தினமும் எங்கள் ரப்பர்ச் சரிவில் சரணம் விளி கேட்டது. மிஷன்காரர்கள் கட்டிய ஆஸ்பத்திரி. சரிவுக்குப் பக்கத்திலேயே சின்ன ஜெபக்கூடம். அங்கே இருந்த உபதேசியார் ஒருநாள் வெளியே வந்துவிட்டார். நான் அவருடைய சபைப் பெண். வேதக்காரி ஒருத்தி சரணம் விளிக்க வைத்துக்கொண்டு நடக்கிறாளே என்பது அவருடைய சங்கடம்.

“உபதேசியாரே, அவரு விளிக்கியது சாமியையாக்கும். நான் கேக்கியது மூச்சை” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு, இப்போது முறிந்ததுபோல் இருக்கிறதே என்று அவரே சொன்னார். முறிந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் தொந்தரவு செய்யவில்லை.

தங்கப்பனுக்கு ஒரே ஒரு விதிதான் கொடுத்தேன். ஒன்றுக்கு மேல் கொடுத்தால் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் அதை அவர் வாயால் திரும்பச் சொல்லவைத்தேன்.

“சரணம் முறிஞ்சா நிக்கணும். மூச்சு அடங்கின பெறவு, நின்ன இடத்துல விளிச்சுப் பாக்கணும். அங்கயும் முறிஞ்சா இறங்கணும். மேல எவ்வளவு பாக்கி உண்டுன்னு பாக்கப்பிடாது.”

டோலியில் போகலாமே, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்களே என்றும் சொல்லிப் பார்த்தேன். நேர்ந்தது காலாலயாக்கும் என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருடைய மச்சினனையும் கூட்டத்தை நடத்திப் போகிற குருசாமியையும் வரவழைத்து விதியைச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தபோது, மேலே போனதும் பக்தி இதையெல்லாம் ஓரம் தள்ளிவிடும் என்றுதான் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் இருமுடி கட்டிப் புறப்பட்டார்கள். அந்த மலைக்கு என் வயதுப் பெண்கள் ஏறக்கூடாது. போதாததற்கு நான் வேதக்காரி. கூடப் போகிற பேச்சே இல்லை. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்றேன். நான் பாட வேண்டிய வரி வந்தது, போனது, வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் இடித்தாள். பெத்லகேமில் ஒரு பிள்ளை பிறந்த நாளில் என் மனம் முழுக்க வேறொரு மலையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஏலக்காரரின் தொண்டையில் இருந்தது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. டாக்டர் பொறுப்பு என்னுடையது என்றாலும், வேண்டாம் என்று சொல்லச் சொன்ன ஒரு பெண்ணுக்கு முடியாது என்றவள் நான்தானே.

கிறிஸ்துமஸ் கழிந்து வேலைக்குப் போனேன். என் பிரிவின் வாசலில் சரோஜம் அக்கா நின்றுகொண்டிருந்தார். தனியாக.

அந்த அம்மாவின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கிட்டப் போய் நின்றேன். அவரே சொன்னார்.

“அவரு இறங்கிட்டாரு டீச்சரே.”

மச்சினன் வந்து சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். நீலிமலையில் இரண்டு முறை முறிந்திருக்கிறது. இரண்டு முறையும் நின்றிருக்கிறார், மூச்சு அடங்கியதும் சரணம் முழுசாக வந்திருக்கிறது, ஏறியிருக்கிறார். அப்பாச்சிமேட்டில் மறுபடியும் முறிந்தது. அதைத் தாண்டிவிட்டால் ஏற்றம் ஏறக்குறைய முடிந்துவிடும் என்பார்கள். நின்றார். வெகுநேரம் நின்றார். நின்ற இடத்திலிருந்து விளித்துப் பார்த்தார். சாமியின் பெயர் பாதியில் நின்றது. குருசாமி, இனி கொஞ்சந்தான் என்றார். மச்சினன், நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றிவிடுகிறோம் என்றான். பின்னால் வந்த யார் யாரோ கூட நின்று தைரியம் சொன்னார்கள். அவர் யாரிடமும் வாதாடவில்லை. இருமுடியை இறக்கி, நெய்த்தேங்காயை மச்சினன் கையில் கொடுத்து, எனக்காக அபிஷேகத்துக்குக் கொடுத்துவிடு என்றார். மலையைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டார். திரும்பி, சற்றுக் கீழே இருந்த மருத்துவ முகாமுக்கு மெதுவாக நடந்து போய், நான் ஹார்ட் பேஷண்ட், சரணம் வரவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார்.

முகாமில் இருந்தவர்கள் ஈசிஜி எடுத்துப் பார்த்ததும் சுமந்து இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற முக்கியமான குழாய் மூடுகிற நிலையில் இருந்தது. சோதனைக்குப் பிறகு வந்த நாட்களில் அடைப்பு வளர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் மேலேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார்களாம். சரோஜம் அக்கா இதைச் சொல்லி முடித்துவிட்டு, வராந்தாவில் விட்ட என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை இரண்டு பேரும் அழுதோம்.

பெரிய டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பாராட்டுகிற வழக்கமுள்ளவர் இல்லை. முழுவதையும் கேட்டார், நின்ற இடத்தில் விளித்தபோது முறிந்ததா என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து புது நோயாளிகளை என்னிடம் அனுப்பும்போது, டீச்சர் சொல்லுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்.

அறுவைச் சிகிச்சைக்காகத் தங்கப்பனைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். குரல் தணிந்திருந்தது. சந்தையில் கூட்டாளிகள் அவருக்குப் பாதிமலைச் சாமி என்று பெயர் வைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

“நாடி பாத்தேன், நல்லாத்தான் இருந்து. வலியும் இல்ல. விளி மட்டும் வரல்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நேர்ச்சை பாக்கி ஆயிப்போச்சே டீச்சரே” என்றார்.

அவருக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. சாமி மன்னிப்பார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது என் சாமியும் இல்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

“ஆளு இருந்தாத்தான் பாக்கி இருக்கும் அண்ணே.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது. பிறகு, அறுவை முடிந்து எப்போது சரிவில் நடக்கலாம் என்று கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து, நெஞ்சில் நீளத் தழும்போடு, டாக்டரின் சம்மதத்தோடு, தங்கப்பன் அந்த மலையை முழுவதும் ஏறினார். சரணம் ஒரு இடத்திலும் முறியவில்லை என்று வந்து சொன்னார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் சந்தையில் நின்று ஊர் அதிர ஏலமும் விட்டார்.

ஆனால் யாராவது என்னிடம் நீ இந்த வேலையில் என்ன சாதித்தாய் என்று கேட்டால், அவர் ஏறிய நாள் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அப்பாச்சிமேட்டில், முன்னாலும் பின்னாலும் ஜனங்கள் ஏறிக்கொண்டே இருக்க, கூட வந்தவர்கள் எல்லோரும் இனி கொஞ்சந்தான் என்று சொல்ல, தன் குரல் முறிந்ததைத் தன் காதால் கேட்டுவிட்டு, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு ஒருவர் தனியாகக் கீழே நடந்து வந்தாரே, அவர் என் நோயாளி.